இதயத்தைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர்

"இது தண்ணி தானே, டொக்டர்?" என்று திரையைக் காட்டிக் கேட்டார் ராஜரத்தினம்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் அவருடைய நெஞ்சை ஸ்கான் செய்துகொண்டிருந்த இளம் டொக்டர் சிரித்தார். "ஓம் ஐயா. இதயத்தைச் சுத்தி மெல்லிய உறை இருக்கு. அந்த வெள்ளைக் கோடு. அதுக்குள்ள கறுப்பா நூல் மாதிரித் தெரியிறதுதான் தண்ணி. இதயம் உரசாமல் துடிக்க அது வேணும். எல்லாருக்கும் இருக்கு. உங்களுக்கு வருத்தம், நோய் ஒண்டும் இல்லை."

ராஜரத்தினத்தின் முகம் வாடிவிட்டது.

பேரப்பிள்ளையைப் பார்க்கவென்று வவுனியாவில் மகன் வீட்டுக்குப் போன மனைவி கமலேஸ்வரி மாதக்கணக்கில் அங்கேயே நின்றுவிட்டாள். 'வாரும்' என்று ஒரு சொல் சொல்ல அவருக்கு வெட்கம். உருத்திரபுரத்து வீட்டில், அவள் உட்காரும் கதிரை வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்காமலிருக்க முகட்டைப் பார்த்தபடியே பின்னேரங்கள் போயின. ஒரு வருத்தமாவது வந்திருந்தால் கூப்பிட்டிருக்கலாம்.

பாதி உண்மை போதும் என்று தீர்மானித்துக் கமலேஸ்வரியின் போனுக்கு எடுத்தார். தூக்கியது மகன் சுமன்.

"இதயத்தைச் சுத்தித் தண்ணியாம், தம்பி."

"பயப்பிடாதேங்கோ அப்பா. நான் விடிய வாறன்."

"அம்மாட்ட..."

"அவாட்ட மூச்சும் விடமாட்டன். கேட்டாத் தாங்கமாட்டா."

கேட்க வேண்டியவளைத் தவிர எல்லாருக்கும் செய்தி போனது. பக்கத்து வீட்டுச் செல்வராசா அப்பிளோடு வந்து, கட்டிலடியில் குந்தியிருந்து அழுதுவிட்டுப் போனார்.

காலையில் சுமன் வான் பிடித்து வந்தான்.

"அது எல்லாருக்கும் இருக்கிற தண்ணிதானாம், தம்பி," என்று முழு உண்மையையும் சொல்லிப் பார்த்தார்.

"எங்களுக்காக மறைக்கிறியள், அப்பா," என்று கண்கலங்கிய சுமன், அவரைப் படுக்க வைத்தே வவுனியாவுக்குக் கொண்டுபோனான். ராஜரத்தினமும் பிறகு மறுக்கவில்லை. எப்படியும் அவளைப் பார்த்துவிடலாம்.

அங்கே சி.டி. ஸ்கான் எடுத்தார்கள். படத்தில் இதயத்தைச் சுற்றிக் கொழுப்புக்கு நடுவே பென்சில் கீறல்போல ஓடிய கோட்டை டொக்டர் காட்டினார். "உறையின்ர தடிப்பு ரெண்டு மில்லிமீற்றர்கூட இல்லை. ஒரு குறையும் இல்லை."

சுமன் வானை வீட்டுக்குத் திருப்பச் சொன்னான். ராஜரத்தினம் சட்டையை இழுத்துவிட்டு, தலையைக் கையால் வாரிக்கொண்டு இறங்கினார். மருமகள் சிவரூபி குழந்தையோடு வாசலுக்கு வந்தாள்.

"மாமி எங்கை பிள்ளை?"

"ஒரு கிழமையா நெஞ்சு நோகுதெண்டவா, மாமா. ஸ்கான் எடுப்பமெண்டன். வேண்டாம், வீட்டை போனா மாறிடுமெண்டு காலமை பஸ்ஸில உருத்திரபுரம் போயிட்டா."