மருந்துச்சாலை மணி

வள்ளல்புரி என்னும் நாட்டில் எதைக் கொடுத்தாலும் மணியடித்துத்தான் கொடுப்பார்கள். கஞ்சிக்கும் மணி, கம்பளிக்கும் மணி. வாங்குகிறவரின் பெயரையும் காரணத்தையும் சேவகன் ஊர் கேட்கச் சொல்வான். கொடுத்தது தெரியாவிட்டால் கொடுத்து என்ன பயன் என்பது அங்கே அரச தர்மம்.

உறவுகொள்வோரிடையே பரவும் மெலிநோய் ஒன்று அந்நாட்டில் இருந்தது. தினம் ஒரு மாத்திரை விழுங்கினால் அண்டாது. மன்னர் அதை மருந்துச்சாலைகளில் வைக்கச் சொன்னார், மணியோடு. அரண்மனை வீதிக்காரர்களுக்கு மட்டும் துணி மூடிய தட்டில் வீட்டுக்கே போயிற்று. பெரிய மனிதர்களின் மானம் நாட்டின் மானம் அல்லவா!

நோய் அதிகம் இருந்தது உப்புத்துறையில். அங்கே வாழ்ந்த திருநங்கை சந்தனமாரிக்கு ஒரே கவலை அல்லி. தங்கையாக வரித்துக்கொண்டவள். அல்லியின் படகுக்காரக் கணவனுக்கு நோய் வந்துவிட்டது, அவளுக்கு இன்னும் இல்லை. ஆனாலும் மணிக்குப் பயந்து மருந்துச்சாலை வாசல்வரை போய்த் திரும்பிவிடுவாள். துறையில் பாதிப் பேர் அப்படித்தான்.

யாரும் வராததை ஆராய்ந்த மந்திரி திருவாழ்மார்பர், மணியோசை அவர்களுக்குக் கேட்கவில்லை என்று கண்டுபிடித்தார். துறையின் மருந்துச்சாலையை மூடி, அரண்மனைக்கு எதிரில் யானை உயர மணியோடு புதிதாக ஒன்று திறந்தார். சபை எழுந்து நின்று கைதட்டியது. துறையில் அந்த மாதம் மூன்று பாடைகள் கிளம்பின.

மூன்றாவது பாடை அல்லியின் பக்கத்து வீட்டுக்காரியுடையது. அதன் பின்னால் நடந்து வந்த அல்லியின் முகத்தைப் பார்த்ததும் சந்தனமாரிக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் திருவிழாச் சேலை கட்டி, பூ வைத்து, அல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு புதிய மருந்துச்சாலைக்குக் கிளம்பினாள். துறையே பின்னால் வந்தது. சேவகன் மணிக்கயிற்றை எடுக்கப்போனான். அவள் அதை வாங்கிக்கொண்டாள்.

"நானே அடிக்கிறேன் சாமி. பேரு சந்தனமாரி. இது என் தங்கச்சி அல்லி. நாங்க சாகுறதா இல்ல, அதான் காரணம்."

அடித்தாள். அடுத்து அல்லி, நடுங்காத குரலில் தன் பெயரைச் சொல்லி அடித்தாள். பிறகு துறை முழுக்க. தினம் ஒரு மாத்திரை என்பதால் தினமும் வந்தார்கள், மன்னர் உண்டு களைத்துக் கண்ணயரும் வேளையில். எட்டாம் நாள் ஆணை பிறந்தது: மணியின் நாக்கு கழற்றப்படும், துறைக்கு மாத்திரை துணி மூடிய தட்டில் வீடு தேடிப் போகும். மன்னரின் கருணையைப் புகழ்ந்து கல்வெட்டும் வைத்தார்கள். அதைப் படித்துவிட்டுச் சந்தனமாரி வயிறு குலுங்கச் சிரித்தாள். கல்லில் யார் பெயர் இருந்தால் என்ன, அல்லி நோயில்லாமல் இருந்தாள்.

பிறகொரு நாள் அண்டை நாட்டுத் தூதர் ஒருவர் ஊமை மணியைப் பார்த்துவிட்டுச் சந்தனமாரியிடம் கதை கேட்டார். கேட்டு வருந்தினார்.

"எங்க நாட்டுல இந்த அநாகரிகமெல்லாம் கிடையாதும்மா. வரிசையில நிக்கவெச்சு, என்ன தொழில், யாரோட பழக்கம்னு கேட்டு எழுதிக்குவோம். அவ்வளவுதான்."

சந்தனமாரி கொண்டைப் பூவைச் சரிசெய்துகொண்டாள்.

"அப்படிங்களா? நாங்க எப்ப வரட்டும்?"