இயக்குநரின் டீயும் ஒரு கைப்பிடித் தீவனமும்

மனித குலம் மாட்டைக் கயிற்றில் கட்டிய நாள் முதல் எதற்காகக் காத்திருந்ததோ, அது எங்கள் கால்நடைத் தீவனப் பாதுகாப்பு அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் நிறைவேறிவிட்டது. அரசு மானியத்தில் பரிசோதனை இயந்திரம் வந்திருக்கிறது!

அது வேலை செய்யும் விதத்தைச் சொன்னால் உங்களுக்கு மெய்சிலிர்க்கும். தீவனத்தை அரைத்து, கரைத்து, வடிகட்டி ஊற்றினால், ஈரச் சோளத்தில் பூஞ்சை விட்டுப்போன நஞ்சை அது கண்டுபிடித்துவிடும். எள்ளளவு இருந்தாலும் சிவப்பு விளக்கு எரியும். இதுவரை எரிந்ததே இல்லை. எல்லாப் புகழும் எங்கள் 'மாதிரி சேகரிப்பு முறை'க்கே. தீவன ஆலைக்கு முதல் நாளே போன் செய்துவிடுவோம். முதலாளி நன்றாகக் காய்ந்த சோளத்தில் தனியாக ஒரு மூட்டை அரைத்து, 'மாதிரி' என்று எழுதி வாசலிலேயே வைத்திருப்பார். ஜீப்பை விட்டு இறங்கக்கூட வேண்டியதில்லை.

அலுவலகத்துக்குப் பால் ஊற்றும் அக்கா அன்று, அதே ஆலைத் தீவனம் ஒரு கைப்பிடியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார்.

"மோந்து பாருங்க சார், நாறுது. ஒரு மாடு தீனி எடுக்காம படுத்துடுச்சு. இன்னொண்ணு சினை. அதுக்கு இதையே போடலாமா, கூடாதா? மெஷின்ல பாத்துச் சொல்லுங்க."

இயக்குநர் டீயை உறிஞ்சியபடி கனிவாகச் சிரித்தார். "முந்தானையில வந்தா அது 'மாதிரி' இல்லக்கா. வாசல்ல மூட்டையா இருக்கணும்."

"அப்ப அந்த வாசல் மூட்டையையே எனக்கு வாங்கிக் குடுங்க. என் மாடு பொழைச்சுக்கும்."

"அது பரிசோதனைக்கு. மாட்டுக்கெல்லாம் போட முடியாது."

"இதப் போட்டா என்னதான் ஆகும்?"

விளக்கம் கேட்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. "நஞ்சு இருந்தா ஈரலப் பிடிக்கும்க்கா. ஆனா இயற்கையோட அற்புதத்தப் பாருங்க, கொஞ்சம் அங்கயும் நிக்காம நேரா பாலுக்கு..."

அக்கா இயக்குநரின் கோப்பையைப் பார்த்தார். நான் பார்த்தேன். கடைசியாக இயக்குநரும் பார்த்தார்.

"இது எந்த மாட்டுப் பால்?"

"சினை மாட்டோடது சார். ஆனா ரெண்டும் ஒரே மூட்டையத்தான் தின்னுச்சு."

அரசு தாமதிக்கும் என்பவர்கள் அன்று எங்களைப் பார்த்திருக்க வேண்டும்! டீ ஜன்னல் வழியே போனது. அவசரக் கூட்டம் நின்றபடியே கூடி, நின்றபடியே முடிந்தது. 'அலுவலர் நலன் கருதி' இனி எல்லா மேசைக்கும் கறுப்பு டீ.

"அப்ப என் மாட்டுக்கு?" என்றார் அக்கா.

இயக்குநர் அந்த ஆலையின் சான்றிதழ் நகல் ஒன்றில் முத்திரை குத்திக் கொடுத்தார்: 'முற்றிலும் பாதுகாப்பானது.'

அக்கா அதை நிதானமாகப் படித்தார். பிறகு கேனைச் சாய்த்து, காலிக் கோப்பை நிறையப் பால் ஊற்றி, அந்தச் சான்றிதழாலேயே மூடி, இயக்குநர் முன் நகர்த்தினார்.

"ஒரு வாய் குடிச்சிட்டுச் சொல்லுங்க சார்."

இயக்குநர் நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"சரி. பதில் கிடைச்சிடுச்சு. புல்லறுக்கப் போறேன்," என்று அவர் கேனை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ஆலை இன்றும் ஓடுகிறது. மானியமும் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. இயந்திரத்தில் ஊற்றாமலே எங்கள் எல்லோருக்கும் முடிவு தெரிந்த ஒரே 'மாதிரி' அந்தக் கோப்பைதான்.