குலம் வாசிக்கும் பெட்டி

குமாசி நகரத்துக் கெஜெட்டியா சந்தைக்குப் பின்னால் லாரிகள் நிற்கிற மைதானத்தில் ஒரு மாதமாக லாரி நிற்க இடமில்லை. மனிதர்கள் நின்றார்கள். கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய் தடவாமல் நின்றார்கள். எண்ணெய் தடவினால் குலம் வழுக்கிவிடுமாம்.

கூடாரத்தின் நெற்றியில் பதாகை தொங்கியது. உலகத் தோல் ஆராய்ச்சி மையம், புரொபசர் டாக்டர் பார்னபாஸ் அம்போஃபோ. எந்த உலகம் என்று போடவில்லை. புரொபசர் பட்டத்தை முதலில் வாங்கினாரா, டாக்டர் பட்டத்தை முதலில் வாங்கினாரா என்றும் தெரியவில்லை. பதாகை அடித்த அச்சகத்துக்காரருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம், இரண்டையும் கொடுத்தவர் அவர்தான்.

அசாந்தி ஜனத்துக்குக் குலம் எட்டு. தாய் எந்தக் குலமோ பிள்ளையும் அந்தக் குலம். குமாசியில் பால் பல் விழாத குழந்தையும் இதைத் தடுமாறாமல் சொல்லும். அதைத் தெரிந்துகொள்ளக் கட்டணம் கட்டி வெயிலில் நின்றவர்கள் எல்லாரும் பெரியவர்கள்.

ஏன் நின்றார்கள்? யாருடைய பூர்வீகத்தையும் யாரும் வாய்விட்டுப் பேசக் கூடாது என்பது இந்த மண்ணில் ராஜாக்கள் காலத்துக் கட்டளை. போரில் பிடிபட்டு வந்தவளும் பஞ்சத்தில் ஓடி வந்தவளும் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அந்த வீட்டுப் பெண்ணாகி, பேத்தி எடுத்துவிட்டாள். அவளை நோண்டாதே என்றார்கள். நல்ல கட்டளைதான். ஆனால் பேசாத விஷயம் மனசுக்குள் பூசணம் பூக்கும். நம் வீட்டுப் பாட்டன் பூட்டியிலும் அப்படி ஒருத்தி இருந்திருப்பாளோ என்று ஆளுக்கொரு சந்தேகம். அம்போஃபோ அந்தச் சந்தேகத்தின் மேல்தான் கூடாரம் அடித்திருந்தார்.

அவரிடம் ஒரு பெட்டி. அதன் மேல் சிவப்பு வெல்வெட்டு. பெட்டியிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கண். அதைத் தோலில் வைத்து அழுத்தினால் டிக் என்று ஒரு சத்தம், வட்டமாக ஒரு வெளிச்சம். பெட்டியில் ஓர் எண் விழும். அந்த எண்ணைப் பார்த்து புரொபசர் குலத்தைச் சொல்வார். ஆராய்ச்சி என்பதால் கட்டம் போட்ட தாளும் உண்டு. இனம் என்ற கட்டத்தில் 'நடுத்தரக் கறுப்பு' என்று எழுதுவார். நிறம் என்ற கட்டத்தில் 'பெக்வாய் ஊர்' என்று எழுதுவார். நோய் என்ற கட்டத்தில் 'அசோனா குலம்'. படை வந்து சொறிந்துகொண்டு போனவனுக்கும் குலத்தைத்தான் சொன்னார். அவன் வீட்டுக்குப் போய்க் குலத்தைச் சொல்லிச் சொல்லிச் சொறிந்தான்.

சொன்ன குலம் பிடிக்கவில்லையா? களிம்பு இருக்கிறது. ஒன்றாம் எண் களிம்பு குலத்தை உறுதியாக்கும். ஐந்தாம் எண் குலத்தை மாற்றும். அம்மாவைப் பார்க்க வேண்டாம், காலையும் மாலையும் தடவினால் போதும்.

சுவாமே மேகசின் என்கிற மெக்கானிக் பேட்டையில் பழுதான கார்களுக்கு நடுவே பெயிண்ட் கடை வைத்திருக்கும் பிராகோவுக்கு இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரிக்க நேரமில்லாமல் போனது, காரணம், கூத்து அவள் கல்யாணத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

மாப்பிள்ளை ஒடூரோ, பெரிய ஆஸ்பத்திரியின் தோல் வார்டில் நர்ஸ். ஓயோகோ குலம். பிராகோ அசோனா. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் மது பாட்டிலோடு கதவைத் தட்டிப் பெண் கேட்டு, பேசி முடித்தாகிவிட்டது. துணிகூட எடுத்தாகிவிட்டது. அந்த நேரத்தில் ஒடூரோவின் அம்மா மாமே அச்சியா, மருமகளாகப் போகிறவளைக் கையைப் பிடித்து ஆசையாகக் கூடாரத்துக்கு அழைத்துப்போனார். சும்மா ஒரு பெருமைக்குத்தான். பெட்டி டிக் என்றது. புரொபசர் சொன்னார்: "ஓயோகோ."

ஒரே குலம் என்றால் அண்ணன் தங்கை முறை. கல்யாணம் கிடையாது.

பிராகோவின் அம்மா வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்? மறுத்துப் பேசினால், பார், எதையோ மறைக்கிறாள் என்பார்கள். பேசாமல் இருந்தால், பார், ஒத்துக்கொண்டாள் என்பார்கள். புரொபசரின் வியாபாரத்தில் அழகே இதுதான். சரக்கு அவருடையது, பயம் வாங்குகிறவருடையது. மாமே அச்சியா ஐந்தாம் எண் களிம்பில் மூன்று டப்பா வாங்கிக் கொடுத்தனுப்பினார். மூன்று மாதம் தடவட்டும், அசோனாவாகத் திரும்பி வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று சேதி. அவரும் ஒன்றாம் எண்ணைத் தடவிக்கொண்டிருந்தார். கன்னம் இரண்டும் உரிந்து, அங்கங்கே திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது. குலம் உறுதியாகிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டார்.

பிராகோவும் ஒடூரோவும் மைதானத்து ஓரத்தில், வாழைக்காய் சுடுகிறவளின் அடுப்புப் பக்கம் நின்று பேசினார்கள்.

"எங்க வார்டுல ஆராய்ச்சி பண்ற டாக்டரம்மா இருக்காங்க" என்றான் ஒடூரோ. "நிறம் எவ்வளவுன்னு தெரியணும்னா அளப்பாங்க. எந்த ஜனம்னு தெரியணும்னா அந்த ஆளையே கேப்பாங்க. என்ன வியாதின்னா தோலைத் தடவிப் பாப்பாங்க. மூணும் மூணு கேள்வி. இந்தாளு ஒண்ணை அளந்துட்டு மூணுக்கும் பதில் விக்கிறான்."

"இதை உங்க அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'அவர்கிட்ட மைக் இருக்கு, உன்கிட்ட என்ன இருக்கு'ன்னாங்க."

பிராகோ கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். அந்த டிக் சத்தம் அவள் காதுக்குள்ளேயே இருந்தது. அவள் கடையிலும் அதே சத்தம் தினமும் கேட்கும். இடிபட்ட காரின் மேல் கண்ணை வைத்து அழுத்தினால் நிறத்தின் எண் வரும், அதைப் பார்த்துப் பெயிண்ட் கலக்குவாள். பெட்டிக்கு வெல்வெட்டுப் போர்த்தும் யோசனை மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. ஒரே காரின் கூரையும் கதவின் உட்புறமும் வேறு வேறு எண் காட்டும். வெயில் தின்ற இடம் ஒன்று, தின்னாத இடம் ஒன்று. அதற்காகக் கதவு ஜப்பான், கூரை ஜெர்மனி என்று அவள் எந்த நாளும் சொன்னதில்லை.

புரொபசரைக் கவிழ்க்க வழி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மாமே அச்சியாவின் கன்னத்தில் ஒரு தரம், கழுத்தில் ஒரு தரம் கண்ணை வைத்தால் போதும், அத்தனை பேருக்கும் முன்னால் அந்த அம்மாவுக்கு இரண்டு குலம் வந்துவிடும். புரொபசர் தோற்பார். கூடவே கல்யாணமும் தோற்கும். ஊர் சிரித்த மாமியார் எந்த மருமகளை வீட்டுக்குள் விடுவார்? சரக்கில் ஓட்டை இருப்பதை வாங்க வந்தவளிடம் நாமே காட்டினால் முறைப்பாள். அவளாகவே கண்டுபிடித்தால் நம்மையும் சேர்த்துக் கட்டிக்கொள்வாள். பிராகோ சந்தைக்குள் பிறந்து வளர்ந்தவள்.

சனிக்கிழமை பகிரங்கப் பரிசோதனை. கூட்டம் கூரையேறியது. புரொபசர் கறுப்பு அங்கியோடு வந்து, தமது ஆராய்ச்சி கண்மறைவு ஆராய்ச்சி என்று விளக்கினார். முகத்தைப் பார்த்தால் முகஸ்துதி வரும், ஆகவே அவர் திரைக்குப் பின்னால் உட்காருவார். கண் மட்டும் வயரோடு வெளியே வரும். விஞ்ஞானம் குருடாக இருக்க வேண்டும் என்றார். கூட்டம் கை தட்டியது. குருடாக இருப்பதில் அவர்களுக்கும் அனுபவம் இருந்தது.

திரைக்கு வெளியே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஓர் அம்மாள் கண்ணைப் பிடித்து நின்றாள். காலையிலிருந்து நின்று கால் கடுத்துப் போயிருந்தாள். பிராகோ வரிசையில் முன்னால் வந்து, மெதுவாக, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள். புரொபசர் கண்மறைவாக உட்கார்ந்திருக்கிறார், அவருடைய சம்பளக்காரி மட்டும் கண் திறந்து நிற்கலாமா? நம்மில் மரியாதைக்குரிய ஒருவர் பிடிக்கட்டும். மாமே அச்சியா பிடிக்கட்டும்.

கூட்டம் ஆமாம் என்றது. வெள்ளைக் கோட்டு அதைவிட வேகமாக ஆமாம் என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தது. மாமே அச்சியா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். ஊரார் முன் தமக்கு இப்படி ஒரு இடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. கண்ணை வாங்கி, குழந்தையை ஏந்துவதுபோல் பிடித்தார்.

பிராகோ முழங்கையின் வெளிப்புறத்தைக் காட்டினாள். டிக்.

"ஓயோகோ" என்றது ஒலிபெருக்கி. "பெருமைக்காரி. கையில் காசு தங்கும். கல்யாணத்தில் தடை இருக்கிறது."

மாமே அச்சியா வருத்தமாகத் தலையாட்டினார். பிராகோ அதே கையைத் திருப்பினாள். வெயில் படாத உட்புறம். "இங்கயும் வைங்கம்மா" என்றாள், திரைக்குள் கேட்காத குரலில்.

டிக்.

"அசோனா. அடக்கமானவள். அம்மா சொல் கேட்பவள். களிம்பு தேவையில்லை, இரண்டாம் எண் மட்டும் வாங்கவும்."

மாமே அச்சியா கையைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஒரே கைதான். வளையல்கூட மாறவில்லை. முன்வரிசையில் ஒருத்தர் இருமினார். பேரத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடம் பிராகோவுக்குத் தெரியும். வாழைக்காய் சுடுகிறவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் அடுப்பிலிருந்து ஒன்றை எடுத்து, சாம்பல் தட்டி, காகிதத்தில் வைத்து நீட்டினாள். பொன்னும் பழுப்புமாக நன்றாகச் சுட்டிருந்தது. பிராகோ அதை மாமே அச்சியாவின் முன்னால் இரண்டு கையாலும் ஏந்தி நின்றாள். கூட்டத்தைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தாள்.

மாமே அச்சியா வாழைக்காயைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். அவர் முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் குறும்பு தெரிந்தது. கண்ணை வைத்து அழுத்தினார்.

டிக்.

ஒலிபெருக்கி சற்று நேரம் யோசித்தது. மைதானத்தின் அமைதியைப் புரொபசர் பக்தி என்று எடுத்துக்கொண்டார்போல, குரலில் உருக்கம் கூடியிருந்தது.

"இவளும் ஓயோகோதான். ஆனால் ஜனங்களே, இந்தச் சகோதரியின் வீட்டில் ஒரு ரகசியம் இருக்கிறது. இவள் பூட்டி வடக்கேயிருந்து பிடித்து வரப்பட்டவள். அந்தத் துயரம் இவள் தோலில் தெரிகிறது. இரவில் தூக்கமில்லை. புருஷன் வீட்டில் சூடு அதிகம். ஐந்தாம் எண் களிம்பு, ஆறு டப்பா."

முதலில் சிரித்தது வாழைக்காய்க்காரிதான். பிறகு மைதானம் முழுவதும். சிரிப்பு கேட்டு அம்போஃபோ திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். அதன் கீழே என்ன இருக்கிறது என்றும் பார்த்தார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த மனிதருக்கு வாய் சாமர்த்தியம் குறைச்சலில்லை.

"இதுல சிரிக்க என்ன இருக்கு தாயே" என்றார். "வாழைக்காய்க்கும் தோல் உண்டு. என் பெட்டி தோலைத்தான் படிக்கும்."

மாமே அச்சியா வாழைக்காயை உயரத் தூக்கிக் காட்டினார்.

"தோலை உரிச்சுட்டுத்தான்யா சுடுவோம்."

அதற்கு மேல் புரொபசருக்கு விஞ்ஞானம் வரவில்லை.

"நானும் ஓயோகோ, இதுவும் ஓயோகோ" என்று மாமே அச்சியா விடாமல் தொடர்ந்தார். "அப்போ இது எனக்குத் தங்கச்சி, என் மகனுக்குச் சின்னம்மா. சின்னம்மாவைத் தின்னவா வைக்கவா, நீங்களே சொல்லுங்க. சரி, உங்க வழுக்கையில ஒண்ணு, உங்க வயித்துல ஒண்ணு வச்சுப் பாத்துடுவோம். குனிங்க."

அம்போஃபோ குனியவில்லை. தோல் பேசும் என்று ஒரு மாதமாக முழங்கிய மனிதருக்குத் தம் தோல் பேசுவதில் மட்டும் விருப்பமில்லை. கூட்டத்திலிருந்த மேகசின் மெக்கானிக்குகள் இரண்டு பேர் திரைக்குள் புகுந்து வெல்வெட்டை உருவினார்கள். "அடப்பாவி, இது நம்ம பம்பருக்கு நிறம் பாக்கிற மிஷின்யா" என்றான் ஒருவன். போன வாரம் இதே பெட்டியிடம் குலம் கேட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவன் அவன். களிம்பு டப்பாக்களைத் திறந்து முகர்ந்து பார்த்தார்கள். ஒன்றிலிருந்து ஐந்துவரை ஒரே வாசனை, ஒரே பசை, எட்டுக் குலத்துக்கும் ஒரே எரிச்சல். புரொபசர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, புறப்பட்ட வேனில் தொற்றிக்கொண்டார். வெள்ளைக் கோட்டு அம்மாள் சோற்றை முடித்துவிட்டு நிதானமாகக் கையைக் கழுவினாள்.

மாமே அச்சியா வாழைக்காயை இரண்டாகப் பிட்டு, பாதியை மருமகளிடம் கொடுத்தார்.

"உங்கம்மாகிட்ட சொல்லு. நிச்சயம் பண்ணின நாள்லயே கல்யாணம். நான் முதல்லயே சந்தேகப்பட்டேன்."

"உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்" என்றாள் பிராகோ. "நாளைக்கு வார்டுக்கு ஒரு நடை வாங்கம்மா. டாக்டரம்மாகிட்ட கன்னத்தைக் காட்டிடலாம்."

"அங்கயும் குலம் கேப்பாங்களா?"

"கேட்டா வாயால சொல்லுங்க."

கல்யாணம் நடந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது. அதே வாரத்தில் அதே மைதானத்தில் வேறொரு கூடாரம் முளைத்தது. இந்தத் தடவை நகத்தைப் பார்த்துப் பூர்வீகம் சொல்கிறாராம். நம் ஜனங்கள் நகத்தை வெட்டாமல் வளர்த்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

நிற்கிறவர்கள் தாராளமாக நில்லுங்கள், வெயில் எல்லாருக்கும் பொது. ஆனால் போகும்போது கையில் ஒரு சுட்ட வாழைக்காய் கொண்டுபோங்கள். உங்களைக் காட்டுவதற்கு முன்னால் அதைக் காட்டுங்கள். அதற்கும் ஒரு பூட்டியைச் சொன்னார்கள் என்றால், அங்கேயே நின்று அதைத் தின்றுவிட்டு வீடு திரும்புங்கள். வயிறாவது நிறையும். தலையை நிரப்பும் வேலையை இந்தக் கூடாரக்காரர்களிடம் விடாமல் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.