பனி தட்டிய புண்ணியவான்

மூன்று மணிச் சங்கு ஊதியது. ஆட்கள் கோட்டும் தொப்பியுமாகப் பின்கதவு வழியே வெளியே வந்து பார்த்தால், இன்றும் யாரோ பனியைத் தட்டி வைத்திருந்தார்கள்.

காலையிலிருந்து விடாமல் கொட்டியதில் அங்கே நின்ற நாற்பது வண்டிகளும் வெள்ளை மேடுகளாகியிருந்தன. அதில் ஏழு வண்டிகளுக்கு மட்டும் முன்கண்ணாடி துடைத்துப் பளிச்சென்று இருந்தது. பின்பக்கம் நம்பர் பிளேட்டைக்கூட விட்டுவைக்கவில்லை.

லொரெய்ன் டால்குவிஸ்ட் கையுறையைக் கழற்றிவிட்டு, விறைத்த விரல்களால் குறிப்பேட்டில் எழுதினாள். திங்கள் மூன்று. செவ்வாய் பதினொன்று. இன்று ஏழு.

"குளிர்ல நின்னு என்ன எழுதறே?" என்றாள் பெயின்ட் பிரிவு மார்லிஸ்.

"யாரோ சத்தமில்லாம ஒரு நல்ல காரியம் செய்யறாங்க. யாருன்னு தெரிஞ்சாகணும் மார்லிஸ்."

"தெரிஞ்சு?"

"பரிசு குடுக்கணும்."

"ஐயோ பாவம். அந்த ஆளு அப்படி என்ன தப்பு பண்ணினான்?"

மினசோட்டாவின் வடகோடியில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் தபால் பெட்டி செய்தார்கள். பனி அள்ளும் லாரி இடித்தாலும் நசுங்காத இரும்புப் பெட்டி. பெட்டிகள் உறுதியாகத்தான் இருந்தன; ஆட்கள்தாம் கழன்றுகொண்டிருந்தார்கள். அக்டோபரிலிருந்து மூன்று நல்ல வெல்டர்கள் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். ஆட்களைப் பார்த்துக்கொள்வது லொரெய்னின் வேலை. அதனால் முதலாளி கோர்டன் நைஸ்ட்ரோம் அவளைத்தான் பிடித்துக்கொண்டார். அவர் குளிர்காலம் முழுவதும் அரிசோனாவில் நீச்சல் குளத்தோரம் உட்கார்ந்து தொலைபேசியிலேயே தொழிற்சாலை நடத்துகிறவர்.

"ஆளுங்களுக்கு உற்சாகம் பத்தல லொரெய்ன். நம்ம விழுமியங்கள் மனசுல பதியணும். நேர்மை, மரியாதை, பாதுகாப்பு, பொறுப்பு. அதை அச்சடிச்சு ஃபிரிட்ஜ்ல ஒட்டிக்க காந்தம் குடுத்தோமே, என்னாச்சு?"

"குடுத்தோம். ஒன்பது வருஷம் உழைச்சவனுக்கும் ஒரு காந்தம், ஒன்பது நாள் வந்தவனுக்கும் ஒரு காந்தம்."

"அதானே நியாயம்!" அவருக்குப் பின்னால் யாரோ தண்ணீரில் குதிக்கும் சத்தம் கேட்டது. "இங்க பாருங்க. நாலாவதா ஒருத்தன் போயிட்டான்னா, ஆளுங்களைப் பார்த்துக்கன்னு தனியா ஒரு ஆள் எதுக்குன்னு நான் யோசிக்க வேண்டியிருக்கும்."

நாலாவது யார் என்று லொரெய்னுக்குத் தெரியும். டுவேன் பாக்கன். மிச்சமிருக்கும் வெல்டர்களில் கெட்டிக்காரன். அக்கரைக்காரர்கள் அவனை இரண்டு முறை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் மூன்றாவது தடவையும் கூப்பிட்டால் மறுப்பது மரியாதையில்லை.

இந்த நேரத்தில்தான் பனி தட்டும் புண்ணியவான் வந்து சேர்ந்தான். காந்தத்தில் இருந்த நாலு விழுமியமும் கைகால் முளைத்து வந்த மாதிரி லொரெய்னுக்கு இருந்தது. நம்பர் பிளேட்டைத் துடைத்ததை அவள் 'பாதுகாப்பு' என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொண்டாள். அதைவிட அதிசயம் உள்ளே நடந்தது. காபி தீர்ந்தால் யாரோ புதிதாகப் போட்டு வைத்தார்கள். மைக்ரோவேவுக்குள் வெடித்த சூப்பை அதைச் சிந்தாதவர்களே துடைத்தார்கள். நல்லது ஜலதோஷம் மாதிரி பரவிக்கொண்டிருந்தது.

ஒன்றிரண்டு விஷயம்தான் பிடிபடவில்லை. ஒரு நாள் மூன்று, ஒரு நாள் பதினொன்று. ஏன் இந்தக் கணக்கு? தட்டிய வண்டிகள் எல்லாமே பிக்கப். அதுவும் போன வசந்தத்தில் ஊர்க் கடைக்காரன் தள்ளுபடி போட்டபோது பாதித் தொழிற்சாலை போய் வாங்கி வந்த அதே சாம்பல் நிற பிக்கப். லொரெய்னின் சின்னச் சிவப்புக் காரை மட்டும் இதுவரை யாரும் தொட்டதே இல்லை. அதை அவள் குறிப்பேட்டில் எழுதவில்லை. மனசில் எழுதிக்கொண்டாள்.

முதலில் ஓர் அறிவிப்பு ஒட்டினாள். 'பனி தட்டியவர் அலுவலகத்துக்கு வரவும். கௌரவிக்கப்படுவார்.'

இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவள் செய்யக்கூடிய காரியமா அது? சாப்பாட்டு அறையில் ஒரு பெட்டி டோனட் வைத்தால், கடைசி டோனட்டை எடுக்க எங்கள் ஆட்களுக்குக் கை வராது. பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுப்பார்கள். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. சாயங்காலம் பெட்டியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துணுக்கு, எல்லோருடைய அடக்கத்துக்கும் சாட்சியாகக் கிடக்கும். இப்படிப்பட்டவர்கள் வந்து, 'அந்த நல்லவன் நான்தான்' என்று நிற்பார்களா?

மூன்று நாளில் ஒரே ஒருவர் வந்தார். கருவி அறையைப் பார்த்துக்கொள்ளும் எல்மர் ஸ்கோக்ஸ்டாட். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் இருப்புக்கொள்ளாமல், பத்து மணிக்கு வந்து இரண்டரைக்குப் போகிற அரைநேரப் பெரியவர்.

லொரெய்ன் ஆவலோடு எழுந்தாள். "சொல்லுங்க எல்மர்!"

"என் சாப்பாட்டுப் பெட்டி இங்க இருக்காம்மா?"

இருந்தது. நேற்றுக் கையுறையைத் தேடி வந்தபோது அவரே வைத்துவிட்டுப் போனது.

அறிவிப்பு பலிக்கவில்லை என்றதும் லொரெய்ன் பரிசைப் பெரிதாக்கினாள். கதவை ஒட்டின முதல் பார்க்கிங் இடம், ஒரு மாதத்துக்கு. 'இம்மாத விழுமியச் செம்மல்' என்று பலகையோடு. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரியில் கதவோரம் வண்டி நிறுத்துவது என்ன சுகம் என்பது, மூக்கு உறைந்தவர்களுக்குத் தெரியும். யாரென்று வாக்குச்சீட்டில் எழுதிப் போடச் சொன்னாள். நாற்பது சீட்டில் இருபத்தாறு பெயர்கள் இருந்தன. மிச்சம் பதினாலிலும் 'யாரோ, நான் இல்லை' என்று எழுதியிருந்தது.

சரி, துப்பறிந்துவிடுவோம் என்று கிளம்பினாள். பனி கொட்டிய ஒரு நாள், மூன்று மணிக்குக் கால் மணி முன்னதாகப் போய் ஹீட்டர் மேல் காயும் கையுறைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஒரே ஒரு ஜோடி சொட்டச் சொட்ட ஈரம். டுவேன் பாக்கனுடையது.

லொரெய்னுக்குக் கால் தரையில் பாவவில்லை. யார் போகக்கூடாதோ அவனே நல்லவனுமாக இருந்துவிட்டால் ஒரே பலகையில் இரண்டு வேலை முடிந்ததே! மறுநாளே சாப்பாட்டு அறையில் எல்லோரையும் கூட்டிப் பெயரைச் சொன்னாள்.

டுவேன் எழுந்தான். காது வரை சிவந்துவிட்டது. "நான் இல்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். செய்தவன் அப்படித்தானே சொல்வான்!

"சத்தியமா நான் இல்லீங்க. கழிவு இரும்பைக் கொட்ட வெளிய போனேன். அதான் கையுறை நனைஞ்சுது."

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். மார்லிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன அடக்கம் பாரு இந்தப் பிள்ளைக்கு!"

டுவேன் அந்த இடத்தில் வண்டியை நிறுத்தவேயில்லை. காலியாகவே கிடக்கிறதே என்று, பனி அள்ள வருகிற லாரிக்காரன் மொத்தப் பனியையும் அங்கே கொண்டுவந்து குவித்தான். செம்மல் பலகையில் 'செம்' மட்டும் வெளியே தெரிந்தது.

அடுத்த வாரம் டுவேன் அலுவலகத்துக்கு வந்து ஒரு பொட்டலத்தை மேசைமேல் வைத்தான்.

"இது ஆறாவது வாழைப்பழ ரொட்டி. தினம் யாராவது கொண்டாந்து வெச்சுட்டுப் போறாங்க. நன்றின்னு எழுதி வேற."

"நல்லதுதானே டுவேன்?"

"நான் செய்யாத வேலைக்கு ரொட்டி! தொண்டையில இறங்க மாட்டேங்குது. எட்டு வருஷமா ஒரு ஒட்டு பிசகாம வெல்டிங் பண்றேன், அதுக்கு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. செய்யாததுக்குப் பலகை. நேர்மைன்னு காந்தத்துல போட்டிருக்கீங்களே, அது சும்மாவா? என் பேரை எடுத்துடுங்க."

எட்டு வருஷத்தில் டுவேன் இத்தனை பேசியதில்லை. லொரெய்னுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. அவன் வெல்டிங்கைப் பற்றி அவளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பெயரை எடுத்தாள். ஆனால் இடம் காலியாக இருந்தால் மறுபடி பேச்சு வரும். யாருக்குக் கொடுத்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்? நாற்பத்தோரு வருஷம் உழைத்த எல்மருக்கு. பனிக்குவியலை அள்ளச் சொல்லிவிட்டு அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டனுப்பினாள்.

"எனக்கு எதுக்கும்மா, வேண்டாம்."

"எடுத்துக்கோங்க எல்மர்."

"வயசுப் பசங்களுக்குக் குடு."

"உங்களுக்குத்தான்."

"சேச்சே, அதெல்லாம் பெரிய இடம்."

"எல்மர்!"

மூன்று முறை மறுத்தாயிற்று. பரிசு என்றால் நாலாவது முறை ஏற்றுக்கொள்ளலாம் என்பது எங்கள் சம்பிரதாயம். "சரி, நீ இவ்வளவு சொல்றதால" என்று சம்மதித்துவிட்டு, கையில் இருந்த ஸ்பேனரை அவள் மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போனார்.

அன்றோடு பனி தட்டுவது நின்றது.

திங்களன்று அரை அடி விழுந்தது. ஒரு வண்டியும் தட்டப்படவில்லை. செவ்வாயும் இல்லை. புதனும் இல்லை.

டுவேனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் முகத்துக்கு நேரே கேட்கமாட்டார்கள். அவன் பக்கத்தில் வரும்போது மட்டும் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். வாழைப்பழ ரொட்டி நின்றுபோனது. காபிக் குடுவை காலியாகவே கிடந்தது.

மார்லிஸ் லொரெய்னின் காதில் சொன்னாள்: "பலகையைப் பிடுங்கினதும் கையை மடக்கிக்கிட்டான் பார்த்தியா? அப்ப இத்தனை நாளும் பரிசுக்குத்தான்! நான் ஒண்ணும் சொல்லல. அப்படியும் மனுஷங்க இருக்காங்கன்னு சொல்றேன்."

வியாழக்கிழமை டுவேன் ஒரு கடிதத்தை நீட்டினான். வெள்ளிதான் கடைசி நாள்.

"அக்கரையில மூணாவது தடவையும் சாப்பிடக் கூப்பிட்டுட்டாங்க."

"டுவேன், அவசரப்படாதே."

"செய்யாத நல்லதுக்குப் பாராட்டு வந்துச்சு, பொறுத்துக்கிட்டேன். இப்ப செய்யாத நல்லதை நிறுத்திட்டேன்னு திட்டு வருது. நாளைக்குள்ள அது யாருன்னு கண்டுபிடிச்சு, எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. இந்தக் காகிதத்தைக் கிழிச்சுடறேன்."

வெள்ளிக்கிழமை பனி பேயாய்க் கொட்டியது. லொரெய்ன் இருபத்தாறு பெயர்களையும் மறுபடி படித்துப் பார்த்தாள். ஒன்றும் துலங்கவில்லை. இரண்டு மணிக்குக் குறிப்பேட்டை மூடினாள். ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் போகிறது, பனியையாவது தட்டுவோம். மூன்று மணிக்கு வண்டிகள் சுத்தமாக இருந்தால், டுவேன் ஊர்வாயில் இருந்து தப்பித்தாவது போகட்டும். பிரஷை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தாள்.

அங்கே ஏற்கெனவே ஓர் உருவம் குனிந்து நின்று தட்டிக்கொண்டிருந்தது.

 பிடித்தாயிற்று! லொரெய்ன் பனியில் முழங்கால் வரை புதையப் புதைய ஓடினாள். உருவம் திரும்பியது.

டுவேன்.

"அப்போ நீயேதானா!"

"இல்லேன்னு எத்தனை தடவைங்க சொல்றது? இன்னிக்குத்தான் முதல் தடவை. கடைசி நாளாச்சே, வாங்கின ரொட்டிக்காவது வேலை செஞ்சுட்டுப் போலாம்னு வந்தேன்."

அப்போதுதான் லொரெய்ன் பார்த்தாள். அவன் தட்டிக்கொண்டிருந்தது அவளுடைய சின்னச் சிவப்புக் கார்.

"இதை எதுக்கு..."

"இத மட்டும் யாரும் தொட்டதில்லையே. தினம் மூணு மணிக்கு நீங்க இதைப் பார்த்துட்டுத்தான் மத்த வண்டிய எண்ணுவீங்க. நான் கவனிச்சிருக்கேன்."

 லொரெய்ன் மூக்கை உறிஞ்சினாள், அதைக் குளிரின் தலையில் போட்டுவிடலாம். "உன் வெல்டிங் ரொம்ப நல்லா இருக்கும் டுவேன்" என்றாள். "எட்டு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"ம்" என்றான் டுவேன். எங்கள் ஊரில் அது கட்டிப்பிடித்து அழுததற்குச் சமம்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு வரிசையாகத் தட்ட ஆரம்பித்தார்கள். வரிசையாக அதே சாம்பல் பிக்கப்புகள். கண்ணாடியைத் துடைத்தால் ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது.

சரியாக இரண்டரைக்குப் பின்கதவு திறந்தது. எல்மர் வெளியே வந்தார். நான்கே எட்டில் பலகைக்குக் கீழே நின்ற தன் பிக்கப்பை அடைந்து, நிம்மதியாகச் சாவியைப் போட்டுத் திறந்தார். அப்புறம்தான் பனிக்கு நடுவே பிரஷும் கையுமாக நின்ற லொரெய்ன் அவர் கண்ணில் பட்டாள். பெரியவரின் முகம் இரக்கத்தில் குழைந்தது.

"அடப் பாவமே லொரெய்ன், உனக்கும் உன் வண்டி எதுன்னு தெரியலையா? கதவோரம் நீ இடம் குடுக்கற வரைக்கும், நானும் இப்படித்தாம்மா தினம் ஒவ்வொண்ணாத் தட்டித் தட்டித் தேடிக்கிட்டிருந்தேன்!"