யானைமலை பார்த்த குழந்தை

ஒருவரைச் சந்தேகப்பட எனக்கு ஆதாரம் தேவையில்லை, முகம் போதும். பரீட்சை ஹாலில் நின்று நின்றே காலம் தள்ளிய கணக்கு வாத்தியார் நான். பையன் எவனாவது விட்டத்தைப் பார்த்து யோசித்தால், விட்டத்தில் பிட் ஒட்டியிருக்கிறானோ என்று நானும் நிமிர்ந்து பார்ப்பேன். (ஒருமுறை பெஞ்சு மேல் ஏறியும் பார்த்தேன். ஒட்டடைதான் இருந்தது.) இந்தத் திறமையை வீட்டுக்குக் கொண்டு வந்ததுதான் வினையாகிப்போனது.

அப்போது மகள் ஜெனிக்கு ஒன்றரை வயது. ஒத்தக்கடையில் ஒரு புதுத் தெருவில், மாடி வீட்டில் குடியிருந்தோம். அம்மணி ராத்திரி பத்து மணிக்குத் தூங்குவாள், ஒரு மணிக்கு எழுந்துகொள்வாள், நாலு மணி வரை என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து மீசையைப் பிடுங்குவாள். நான் எப்படியோ சமாளித்துவிட்டேன். (ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், பிரசங்கத்தின்போது தூங்கிக்கொள்ளலாமே.) பாவம், என் மனைவி ஸ்டெல்லாதான். சிம்மக்கல்லில் மருந்து மொத்தக் கடையில் பில் போடும் வேலைக்கு, பிரசவத்துக்குப் பிறகு அப்போதுதான் திரும்பியிருந்தாள். தூக்கக் கலக்கத்தில் மேலூருக்குப் போக வேண்டிய சரக்கைத் திருமங்கலத்துக்கு அனுப்பிவிட்டாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆசைப்பட்டுப் போன வேலை அது. அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை.

டாக்டரிடம் போனோம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் குழந்தையைத் தூங்க விடாதீர்கள், தானாகச் சரியாகும் என்றார்.

அப்படியானால், நாலு மணிக்கு மேல் யாரோ தூங்க விடுகிறார்கள். யார்? பகலில் ஜெனியைப் பார்த்துக்கொண்டவர் கீழ்வீட்டு முத்துலட்சுமி அக்கா. அவரிடம் கேட்டேன். பதினோரு மணிக்கு ஒரு தூக்கம், அதோடு சரி, அப்புறம் ஒரே ஆட்டம்தான் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நான் குறித்துவைத்துக்கொண்டேன். மறுநாள் அவர் வீட்டு அலமாரியில் குடித்தால் தூக்கம் வரும் இருமல் சிரப் பாட்டில் ஒன்றைப் பார்த்தேன். அதையும் குறித்துக்கொண்டேன். அன்றிலிருந்து ஐந்தரை மணிக்குப் பிள்ளையை வாங்கியதும் முதல் வேலையாக அவள் வாயை முகர்ந்து பார்க்க ஆரம்பித்தேன். வாழைப்பழ வாசனைதான் வந்தது. சிரப் வாசனையை மறைக்க வாழைப்பழம் கொடுக்கிறார் என்று முடிவு செய்தேன்.

என் பங்குக்கு நான் சும்மா இருக்கவில்லை. பிள்ளையைக் களைப்பாக்க வேண்டுமல்லவா? ஸ்டெல்லா வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்தே தினமும் ஆறு மணிக்கு, ஸ்கூட்டர் முன்னால் மாட்டிய குட்டி நாற்காலியில் தொப்பி மாட்டி, பெல்ட் போட்டு உட்கார வைத்து, ஒரு மணி நேரம் ஊர் சுற்றிக் காட்டுவேன். “பாரு பாப்பா, யானைமலை. பாரு, பஸ்ஸு.” பிள்ளை சத்தமே போடாமல் வரும். என்ன ஒரு கவனம் என்று பூரித்துப்போவேன்.

டாக்டரைப் பார்த்து ஒரு மாதம் ஆகியும் மீசைக்கு விடுதலை இல்லை. அரை நாள் லீவு போட்டு, அக்கா வீட்டுக்கு எதிரே பாதி கட்டியிருந்த வீட்டுக்குள் போய், செங்கல் அடுக்குக்குப் பின்னால் நின்றேன். ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. நாலரை மணிக்கு ஜெனி கரண்டியால் தட்டை அடித்துக்கொண்டிருந்தாள். சரி, மருந்து இன்னும் வேலை செய்யவில்லை என்று காத்திருந்தேன்.

அந்த வீட்டில் வேலை செய்த சித்தாள் என்னைப் பார்த்துவிட்டாள். ஒரு ஆள் ரொம்ப நேரமாக உன் வீட்டையே வெறிக்கிறான் என்று அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னாள். அக்கா விளக்குமாறோடு வந்தார், பின்னாலேயே தெருவும் வந்தது. நான் சிமெண்டுப் புழுதியோடு எழுந்து நின்றேன். ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய்த்த புத்தி, நேராகக் கேட்டேன்.

“பிள்ளைக்கு என்ன மருந்துக்கா குடுக்குறீங்க?”

அக்கா விளக்குமாறைக் கீழே போட்டார். உள்ளே போய் ஜெனியையும் அவள் பையையும் கிண்ணத்தையும் தூக்கி வந்து என் கையில் கொடுத்தார். “என் பிள்ளையா நினைச்சுத்தான் பாத்தேன் சார். நாளையிலருந்து நீங்களே பாத்துக்கங்க.” எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனாலும் விறைப்பாகத்தான் மாடியேறினேன்.

ஸ்டெல்லா வந்ததும் விஷயம் தெரிந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அக்கா இல்லாவிட்டால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, ஆளில்லாவிட்டால் வேலையும் இல்லை. கீழே மன்னிப்புக் கேட்கப் போனாள். நானும் ஜெனியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அக்காவின் வீட்டுக்காரர் கருப்பையா அண்ணன், மேலூர் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், வாசலில் நின்றார். கோபப்படவில்லை. தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

“சார், நான் ஆறரை டிரிப்புல தினம் உங்களத் தாண்டித்தான் வாரேன். பாப்பா நல்லாத் தூங்கிக்கிட்டு வரும். நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே போவீங்க. பிள்ளை முழிச்சிரப் போகுதேன்னு நான் ஹாரன்கூட அடிக்கிறதில்ல.”

நான் நம்பவில்லை. மனைவியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார் என்று தோன்றியது. ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையில், ஜெனியை முன்னால் உட்கார வைத்து ஸ்கூட்டரை எடுத்தேன். ஸ்டெல்லா, அக்கா, அண்ணன் மூவரும் ஆட்டோவில் பின்னால் வந்தார்கள். நரசிங்கம் போகிற வழியில் வழக்கம்போல ஆரம்பித்தேன், “பாரு பாப்பா, யானைமலை. எம்புட்டுப் பெருசு பாரு.”

ஆட்டோ பக்கத்தில் வந்தது. ஸ்டெல்லா தலையை நீட்டிக் கேட்டாள், “யாருகிட்டங்க பேசுறீங்க?”

ஓரங்கட்டி, இறங்கி, இத்தனை நாளில் முதல் தடவையாக முன்னால் போய் நின்று என் மகளின் முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. எச்சில் ஒழுகிச் சட்டை நனைந்திருந்தது. அதுவரை நான் பார்த்ததெல்லாம் அவள் தொப்பியை மட்டும்தான். அக்கா ஆட்டோவிலிருந்து இறங்கி வந்து, என்னைச் சட்டை செய்யாமல், சாய்ந்திருந்த பிள்ளையின் தலையை நிமிர்த்தித் தோளில் போட்டுக்கொண்டார். நடுரோட்டில் நின்று கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். “பிள்ளைக்குக் கழுத்து வலிக்கும் சார்,” என்றார், அவ்வளவுதான். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது.

சவாரியை நிறுத்தியதும் ஒரு வாரத்தில் ஜெனி விடியும்வரை தூங்கினாள். ஸ்டெல்லா அதே கடையில்தான் இன்றைக்கும் இருக்கிறாள்.

ஜெனி இப்போது நாலாம் வகுப்பு; ஸ்டெல்லா சொல்லிச் சொல்லி இந்தக் கதை அவளுக்கு மனப்பாடம். போன வாரம் புத்தகத்தின் மேலேயே தலை சாய்த்து விழுந்து கிடந்தாள். “ஏய், தூங்குறியா?” என்று அதட்டினேன். கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது.

“இல்லப்பா, யானைமலை பாக்குறேன்.”