அம்பெல் அண்ணையின் ஏழு மணி

எங்கள் நகரசபையின் வரவேற்பு மேசையில் இருந்த அம்மணி உலகத்தில் இரண்டே இரண்டுக்குத்தான் பயந்தவர். ஒன்று பல் வைத்தியர், மற்றது அம்பெல் அண்ணை.

வாகனங்களை நிறுத்தி ஆட்களைக் கடக்கவிடும் சிவப்பு, பச்சை விளக்கை இங்கே ஜெர்மன்காரர் அம்பெல் என்பார்கள். எங்கள் தெருவுக்கு ஒரு அம்பெல் வேண்டுமென்று கேட்டுக் கேட்டே, கீழ்வீட்டு அண்ணையின் சொந்தப் பெயர் எங்களுக்கு மறந்துபோயிற்று. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஆண்டுகள் அவை. ஆட்டோபான் நெடுஞ்சாலையில் திருத்த வேலை என்று லொறிகள் முழுவதும் எங்கள் தெருவுக்குள் நுழைந்தன. அண்ணையின் மனைவி பாக்கியம் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுது. இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் எதிர்ப்பக்கத்தில்தான் நிற்கும். ஊன்றுகோலோடு அக்கா நடைபாதையில் காத்திருக்க, பஸ் அவர் கண்முன்னாலேயே புறப்பட்டுப் போகும்.

"வரி எடுக்கேக்க நான் ஊராள். வாக்குப் போடேக்க மட்டும் வெளியாள். இது என்ன நியாயம்?" என்பார் அண்ணை. அந்தக் கோபத்தில் தன் நாய்க்கு 'பூர்கமைஸ்டர்' என்று பெயர் வைத்தார். நகரபிதா என்று அர்த்தம். "பூர்கமைஸ்டர், குந்தடா!" என்று அவர் தெருவில் கத்தினால் ஜெர்மன் கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இங்கே நாய்க்கும் வரி உண்டு. அதையும் ஒழுங்காகக் கட்டினார்.

கடைசியில் நகரசபை இறங்கிவந்தது. ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு ஆள் வந்து, தெருவைக் கடப்பவர்களை எண்ணும். போதிய சனம் கடந்தால் விளக்கு உண்டு.

அண்ணை கோயில் ஆட்கள், தேவாலய ஆட்கள் என்று ஒருவரையும் விடாமல் அழைத்தார். "காலமை ஏழு மணிக்கு வாங்கோ. அக்காவுக்காக."

"ஒன்பதுக்குத்தானே அண்ணை எண்ணுறாங்கள்?" என்றேன் நான்.

"தம்பி, எங்கட சனத்துக்கு ஒன்பது எண்டு சொன்னா பதினொண்டுக்குத்தான் வருங்கள். தாலி கட்டி முடிஞ்சாப் பிறகு கலியாணத்துக்கு வாற சனமல்லோ. அதான் ஏழு எண்டனான்."

அன்று ஏழு மணிக்கு எங்கள் சனம் முழுவதும் தெருவில் நின்றது! தன் கலியாணத்துக்கே பிந்தி வந்த மாப்பிள்ளை உட்பட. அண்ணைக்கு முகம் வெளிறிவிட்டது. "கொஞ்சம் நில்லுங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ" என்று கெஞ்சிப் பார்த்தார். ஏலாது. எல்லாருக்கும் வேலை. ஆசைக்குத் தெருவை இங்கேயும் அங்கேயும் கடந்துவிட்டு, எட்டரைக்குள் கலைந்துபோனார்கள்.

ஒன்பதுக்கு அதிகாரி மடக்குக் கதிரையை விரித்தபோது நின்றவர்கள் அண்ணை, அக்கா, நான், பூர்கமைஸ்டர்.

"நாயையும் எண்ணுவியளோ எண்டு கேள் தம்பி."

கேட்டேன். நாய் கணக்கில் இல்லையாம்.

"வரி எடுக்கேக்க மட்டும் கணக்கிலயோ?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

விளக்கு இல்லை என்றாயிற்று. அண்ணை கத்துவார் என்று பார்த்தேன். அவரோ படிக்கட்டில் குந்தியிருந்து அழுதார். "நான் எங்கட சனத்தைப் பிழையா நினைச்சுப்போட்டன். அக்காவுக்கு எண்டோடன சொன்ன நேரத்துக்கு வந்திருக்குதுகள், பார்த்தியே?"

அடுத்த நாளே காரில் கிடந்த செம்மஞ்சள் பாதுகாப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். ஒரு கையில் அக்கா, மறு கையில் பூர்கமைஸ்டர். லொறிக்காரர் திட்டினார்கள். பொலிஸ் வந்து, வீதியை மறிக்கக்கூடாது என்றது. "நான் மறிக்கேல்லை, கடக்கிறன். எனக்கு வயசு போட்டுது, மெதுவாத்தான் கடப்பன்" என்றார். அக்கா அதற்குப்பிறகு ஒரு பஸ்ஸையும் விடவில்லை.

இரண்டு பனிக்காலம் அப்படி நடந்தவர், மூன்றாவதில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். சுடுகாட்டுக்கும் எங்கள் சனம் நேரத்துக்கே வந்தது.

அடுத்த கிழமை அக்கா அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தனியே நடைபாதை ஓரம் வந்து நின்றா. நான் பதறிக்கொண்டு படியிறங்கி ஓடினேன். அதற்குள் ஒரு லொறி நின்றுவிட்டது. அண்ணையோடு ஒவ்வொரு கிழமையும் சண்டை பிடித்த ஒரு தடித்த சாரதி. கண்ணாடியை இறக்கி, "உங்கள் கணவர் எங்கே?" என்று கேட்டான். அக்கா வானத்தைக் காட்டினா. அவன் தொப்பியைக் கழற்றினான். இயந்திரத்தை நிறுத்தினான். பின்னால் வாகனங்கள் நீளத்துக்கு அடைபட்டு நின்றன. அக்கா ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி மறுபக்கம் போய்ச் சேரும்வரை அவன் அசையவில்லை.

அண்ணை, பாருங்கோ, நிக்கிறாங்கள்.