ஐஸ் எஞ்சினியர்

"பொடியன் என்ன படிச்சவன்?" என்று நோர்வேயின் பேர்கன் நகரிலிருந்து தொலைபேசியில் மங்களேஸ்வரி வினவியபோது, அவருடைய தம்பி சின்னராசா கணினித் திரையைத் துழாவினார்.

சின்னராசாவின் மகள் சாருகா மணக்க விரும்பிய மார்க், ஒஸ்லோவில் ஐஸ் ஹொக்கி விளையாடுவதையே தொழிலாகக் கொண்டவன். அவன் ஆடும் கழகத்தின் இணையப் பக்கத்தில் அவனுடைய உயரம், நிறை, பிறந்த நாடு, மட்டை பிடிக்கும் கை ஆகியன செவ்வனே குறிக்கப்பட்டிருந்தன. படிப்புக்கு மட்டும் அங்கே இடம் ஒதுக்கப்படவில்லை. அக்காவின் சம்மதமின்றியோ அக்குடும்பத்தில் எந்தக் கழுத்திலும் தாலி ஏறியதில்லை.

"ஐஸ்..." என்று தொடங்கிய சின்னராசா, "ஐஸ் எஞ்சினியர் அக்கா" என்று முடித்தார். அச்சொல் எங்கிருந்து தம் நாவுக்கு வந்ததென்று அவருக்கே விளங்கவில்லை.



"அது... நல்ல படிப்புத்தான். எந்த நாட்டில படிச்சவன்?"

"பிறந்தது கனடா. தாய் லத்வியாக்காரி."

"ரெண்டு நாட்டிலயும் படிச்சவனோ?"

"ஓம் அக்கா."

"அப்ப ரெண்டு பட்டம்! சனிக்கிழமை நேர வாறன்."

சனிக்கிழமை ஒஸ்லோவின் வெஸ்ட்லியிலுள்ள தம்பி வீட்டில், மார்க்குக்கு எதிரே அக்கா அமர்ந்ததும் அமராததுமாகக் குளிர்சாதனப் பெட்டி உறுமியது.

"என்னடா தம்பி, ஐஸ் எஞ்சினியர் வீட்டில நிக்கேக்க பிறிஜ் மாடு மாதிரிக் கத்துது?"

"இண்டைக்கு அவருக்கு லீவு அக்கா."

"டொக்டருக்கு லீவெண்டால் வீட்டுக்காரற்றை இருமலைப் பாக்கமாட்டாரோ?"

தமிழறியாத மார்க், அக்காவின் விரல் சுட்டிய திசையைப் பார்த்தான். உதவும் மனத்துடன் எழுந்தான். எதிரணி வீரனைச் சுவரோடு சாத்துவதுபோல் பெட்டியைத் தோளால் ஒரு முட்டு முட்டினான். உறுமல் நின்றது. கதவிலிருந்த சிறு விளக்கும் அணைந்தது.

"சத்தம் நிண்டிட்டுது" என்றார் சின்னராசா, நம்பிக்கையுடன்.

"உயிரும் நிண்டிட்டுது" என்றார் அக்கா.

சாருகா பொறுமையிழந்தாள். "மாமி, மார்க் எஞ்சினியர் இல்லை. ஹொக்கி விளையாடுறவர். அமெரிக்காவில ரெண்டு வருஷம் யூனிவர்சிட்டிக்குப் போனவர். கிளப் கூப்பிட, பாதியில விட்டிட்டு வந்திட்டார்."

"படிப்பை விட்டிட்டு ஐஸில சறுக்கிற ஆளுக்கோ எங்கடை பிள்ளை?" மங்களேஸ்வரி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "தம்பி, பொய் சொல்லிக் கலியாணம் கட்டிவைக்கிற பழக்கம் எங்கடை குடும்பத்தில இல்லை!"

சின்னராசா தலைகுனிந்தார். அதுவரை, நின்றுபோன பெட்டியிலிருந்து எடுத்த மீன்களைத் தட்டத்தில் அடுக்கிக்கொண்டிருந்த அவருடைய மனைவி தக்ஷாயினி, நிமிராமலே சொன்னார்:

"இருங்கோ மச்சாள். முப்பது வருஷத்துக்கு முன்னம் இவரை எனக்குக் கலியாணம் பேசேக்க நீங்களும் 'ஐஸ் எஞ்சினியர்' எண்டுதானே சொன்னனீங்கள். நான் இஞ்சை வந்து பாத்தால், மனுசன் மீன் பெட்டிக்கு ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டு நிக்கிறார்."